நோட்டீஸைக் கழற்றியவர்களுக்கு



பதிவு கொஞ்சம் நீளம். அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது படிக்காதீங்க. வீட்டுக்குப் போய், கால் நீட்டி உட்கார்ந்து படிங்க. ஆனா முழுசாப் படிங்க.

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் நம்ம கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலை பூஜை முடிந்ததும், அன்னதான மண்டபத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு கூட்டம். பேசப் போவது அரசாங்க ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருவர். அவரும் நம்ம கோயிலுக்கு வர்றவங்கதான். சனிக்கிழமை காலையில் மாலை கட்ட வந்தவர்கள் பார்த்தால் நோட்டீஸைக் காணோம். யாரும் கிழித்துப் போடவில்லை. அழகாக நாலாக மடித்து, நெய்விளக்குத் தட்டுக்கு அடியில் செருகியிருந்தார்கள்.

கழற்றியவருக்கு அதைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை, பலகையில் விட்டு வைக்கவும் மனசு வரவில்லை. அந்த ரெண்டுங்கெட்டான் மனசோடுதான் இன்றைக்கு நாங்கள் பேச வந்திருக்கிறோம். யார் என்று தேடப் போவதில்லை. ஏன் கழற்றினார்கள் என்பது மட்டும் இரண்டு நாளில் எங்கள் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நேரில் சொன்னவர்கள் சிலர், குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டவர்கள் சிலர், எங்கள் வீட்டுக்காரர்களிடம் சொல்லி அனுப்பியவர்கள் சிலர்.

முதல் புகார்: "கோயில் சுவத்துல அந்த வார்த்தையை எழுதலாமா? சின்னப் பிள்ளைங்க வர்ற இடம்."

எந்த வார்த்தை? மார்பகம். அதைக்கூட புகார் சொன்னவர் வாயால் சொல்லவில்லை, "அந்த வார்த்தை" என்றுதான் சொன்னார். சரி. திருவண்ணாமலை அம்பாளின் பெயர் என்ன? உண்ணாமுலை. அந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனை பண்ணும்போது யாராவது காதைப் பொத்திக்கொள்கிறோமா? போன வருஷம் சொற்பொழிவாளர் ஒருவர் மைக்கைப் பிடித்து மீனாட்சி கதை சொன்னார். குழந்தை மூன்று தனங்களோடு பிறந்ததையும், சிவனைக் கண்டதும் மூன்றாவது மறைந்ததையும் ராகம் போட்டுச் சொன்னார். முன் வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. சீர்காழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்கு அம்பாள் ஞானப்பால் கொடுத்த கதையைத் தேவார வகுப்பில் நாமே நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் படத்துக்கு வர்ணம் தீட்டச் சொல்லிப் போட்டியும் வைத்து, பரிசும் கொடுத்தோம்.

அம்பாளுக்கு இருந்தால் அது அருள், நம்ம வீட்டுப் பெண்ணுக்கு இருந்தால் அது கெட்ட வார்த்தையா? இந்தக் கூச்சத்தை மரியாதை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்தக் கூச்சத்தால்தான் ஒரு பெண் தன் உடம்பில் கட்டி இருப்பதைப் புருஷனிடம் சொல்ல மூன்று மாதம், அக்கா தங்கச்சியிடம் சொல்ல இன்னும் மூன்று மாதம், டாக்டரிடம் சொல்ல அதற்கும் மேல் எடுத்துக்கொள்கிறாள். ஆம்பளை டாக்டராக இருந்துவிட்டால் திரும்பி வீட்டுக்கே வந்துவிடுகிறாள்.

இரண்டாவது புகார்தான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது. "நல்ல நாள் வருது, இந்த நேரத்துல வியாதிப் பேச்சு எதுக்கு? எல்லாம் அம்மா பார்த்துக்குவா."

இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நாங்கள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்ம கோயிலில் பல வருஷமாகப் பூக்கட்டிய அக்காவை எல்லாருக்கும் தெரியும். பேரை எழுதவில்லை, குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் நாம் வரும்போது அம்மனுக்கு மாலை தயாராக இருக்கும். யார் கட்டினது என்று யாரும் கேட்டதில்லை. அவங்களும் சொல்லிக்கொண்டதில்லை.

ஓர் ஆடி மாதம், கூழ் ஊற்றிவிட்டுப் பாத்திரம் கழுவும்போது அக்கா எங்களில் இரண்டு பேரிடம் மெதுவாகச் சொன்னாங்க: இடது பக்கம் சின்னதாக ஒரு கட்டி, வலி இல்லை, புளியங்கொட்டை அளவு. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "வலி இல்லைன்னா ஒண்ணும் இல்லைக்கா. ஒரு மண்டலம் விளக்குப் போடுங்க, சரியாயிடும்."

அந்த யோசனையைச் சொன்னது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். இன்றைக்கு நோட்டீஸ் ஒட்டுகிற இதே நாங்கள்.

அக்கா நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டாங்க. விரதம் இருந்தாங்க. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டாங்க. யாரோ சொன்னார்கள் என்று ஒரு அம்மாவிடம் போய் எண்ணெய் போட்டு உருவிவிட்டாங்க. கட்டி கரையவில்லை. அப்புறம் மகளுக்குப் பரீட்சை வந்தது. அப்புறம் தீபாவளி. தீபாவளி சமயத்தில் வீட்டில் அழுகை வேண்டாம் என்று தள்ளிப் போட்டாங்க. அப்புறம் தைப்பூசம், பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்திருந்தாங்க. அதை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றாங்க. பதினொரு மாதம் போனது. கடைசியில் தோல் சுருங்கி, புண்ணாகி, வாடை வர ஆரம்பித்தது. பூ வாசத்துக்கு நடுவிலேயே வாழ்ந்த அக்கா, வாடை யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று சந்நிதிக்கு வராமல் வெளி மண்டபத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்து கும்பிட்டாங்க. காலில் வலி, ஏறி வர முடியவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்றாம் கட்டம்.

வலி இல்லாத கட்டி என்றால் பயம் இல்லை என்று இன்னும் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் குணம். வலித்திருந்தால் அக்கா மறுநாளே போயிருப்பாங்க.

அம்மா பார்த்துக்குவா, உண்மைதான். சுகர் மாத்திரை போடுகிறோமே, பிரஷருக்கு மாசாமாசம் கிளினிக் போகிறோமே, அதெல்லாம் அம்மா பார்த்துக்க மாட்டாளா? கண்ணில் புரை விழுந்தால் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்துதான் கண்குளிரத் தரிசனம் பண்ணுகிறோம். மார்பில் கட்டி என்றால் மட்டும் ஏன் விளக்கு முதலில், டாக்டர் கடைசியில்? கர்மவினை என்று பேசுகிற பெரியவர்களும் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடவும் வேண்டும்.

நாங்கள் விளக்குப் போடாதே என்று சொல்லவில்லை. விளக்குப் போடு, அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போ. நம்ம குருக்கள் ஐயாவிடம் இதைப் பேசினோம். அவர் எங்களை விட ஒரு படி மேலே போய்விட்டார். உடம்பு சரியில்லை என்று அர்ச்சனைச் சீட்டு கொண்டுவரும் பெண்களிடம் பேர், நட்சத்திரம் கேட்டதும் அடுத்த கேள்வியாக, "கிளினிக் போனீங்களாம்மா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார். கட்டியைக் கரைக்கிறேன், பரிகாரம் பண்ணுகிறேன் என்று காசு வாங்குகிற ஆட்களை வாசல் பக்கம் பார்த்தால் எங்களிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

கொஞ்சம் கணக்கும் பேச வேண்டும். நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கைப்படி, மலேசியப் பெண்களில் 27 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் அபாயம் இருக்கிறது. இந்தியப் பெண்களில் 23 பேரில் ஒருவருக்கு. பால்குடம் எடுத்து வரிசையாக நம்ம பெண்கள் நடந்து வரும்போது ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இன்னொரு கணக்கு இதை விடக் கசப்பு. அதே அறிக்கைக் காலத்தில், கண்டுபிடிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், 47.9 சதவீதம், மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் வந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் அது 43.2 சதவீதமாக இருந்தது. ஊரெல்லாம் பிங்க் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது குறையவில்லை, கூடியிருக்கிறது.

முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் ஐந்து வருஷம் தாண்டி இருக்கிறார்கள். நான்காம் கட்டத்தில் 23 பேர். இது சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட கணக்கு. அந்த 87க்கும் 23க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் மருந்து இல்லை, நாள்தான். தீபாவளி முடியட்டும், பூசம் முடியட்டும் என்று நாம் தள்ளிப் போடுகிற நாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். சீக்கிரம் போனால் மார்பு முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. சின்னக் கட்டியாக இருந்தால் கட்டியையும் சுற்றி இருக்கும் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சு கொடுப்பது உண்டு. "எடுத்துருவாங்களே" என்ற பயத்தில் ஒளித்து வைப்பவர்கள்தான் கடைசியில் முழுவதையும் இழக்கிறார்கள். ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவும் என்பதும் வெறும் பேச்சு. ஊசி போட்டுப் பார்க்காமல் என்ன நோய், எந்த மருந்து என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

இனி ஆஸ்பத்திரி பற்றி. பெண்கள் லேட்டாக வருகிறார்கள் என்று பெண்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாங்கள் நகர மாட்டோம்.

அக்கா முதல் தடவை போனபோது அவங்களோடு போனது பதினாலு வயது மகள் மட்டும். அக்காவுக்கு மலாய் கொஞ்சம்தான் வரும், கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு. அங்கே திரைக்கு வெளியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒருவர், "கெனாப்பா லம்பாட் டத்தாங்?" என்று சத்தம் போட்டிருக்கிறார். ஏன் இவ்வளவு லேட்டாக வந்தாய் என்று. பதினொரு மாதம் தைரியத்தைச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் வந்தவளுக்குக் கிடைத்த முதல் வார்த்தை அது. அப்புறம் டாக்டர் சொன்னதையெல்லாம் அந்தப் பிள்ளைதான் மொழிபெயர்த்தது. மூன்றாம் கட்டம், கீமோ, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று டாக்டர் பத்து நிமிஷம் பேசினாராம். பிள்ளை அம்மாவிடம், "கட்டியை எடுத்துட்டா சரியாயிடுமாம்மா" என்று மட்டும் சொல்லுச்சு. மீதி அத்தனையையும் அது தனக்குள்ளேயே முழுங்கிருச்சு. அக்கா போனதற்கு அப்புறம்தான் இதை எங்களிடம் சொன்னது.

ஒரு குழந்தையின் தலையில் அதைத் தூக்கி வைத்தது யார்? ஆஸ்பத்திரி மட்டும் இல்லை. அன்றைக்கு அக்காவோடு போகாத நாங்களும்தான்.

அங்கே வேலை செய்பவர்களின் பாடும் எங்களுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கிறது, ஒரு டாக்டருக்கு முன்னால் மலை மாதிரி ஃபைல். ஆனால் நோயாளியும் மனுஷிதானே? புரியும் மொழியில் சொல்லுங்கள் என்று கேட்பது சலுகை இல்லை. திட்டாமல் பேசுங்கள் என்பதற்கு பட்ஜெட் தேவையில்லை. கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று எங்கள் பெண்களிடம் நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருப்போம்.

மெடிக்கல் கார்டு இருப்பவர் பிரைவேட்டுக்குப் போய் ஒரே வாரத்தில் மேமோகிராம், ஊசி, ரிசல்ட் எல்லாம் முடித்துவிடுகிறார். மெடிக்கல் கார்டு இல்லாதவர் கையில் அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் தேதி எழுதின புக்கோடு வீட்டுக்கு வருகிறார். கட்டி கையில் தட்டுப்படும் ஒருவரையும், சும்மா பரிசோதனைக்கு வந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தலாமா? ஹெர்-டூ என்று ஒரு வகை இருக்கிறது, ஐந்தில் ஒருவருக்கு என்று சொல்லும் அளவுக்கு வருவது. அதற்கான டிராஸ்டுசுமாப் என்ற மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 2015இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது தேவைப்படுகிற எல்லாருக்கும் கிடைத்ததில்லை, ஒதுக்கீடு பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்பது நெடுநாள் குறை. கதிர்வீச்சுக் கருவியும் எல்லா அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கிடையாது. கூலி வேலைக்குப் போகிறவள் வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்களுக்கு, தூரத்து ஊருக்குப் போய் வர வேண்டும் என்றால் எப்படிப் போவாள்? சிங்கப்பூரில் 2002இலிருந்தே தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது, 50 வயது தாண்டிய பெண்களை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். நமக்கு வயதானால் அப்படிக் கடிதம் போட்டு எல்லாரையும் கூப்பிடும் தேசிய ஏற்பாடு இல்லை. தேர்தல் நேரத்தில் கோயில் வாசலுக்கு வந்து மாலை போட்டுக்கொள்ளும் தலைவர்களிடம் அடுத்த முறை கூரைக்கும் கழிப்பறைக்கும் மானியம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம்.

நல்லது நடக்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். கிள்ளானில் இருக்கும் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014இல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். மார்பகப் புற்றுநோயாளிக்குத் துணையாக ஓர் ஆளைப் போடுவது. எங்கே போக வேண்டும், எந்தத் தேதி, என்ன தாள், போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று போன் பண்ணிக் கேட்பது, இவ்வளவுதான். அதனால் பரிசோதனைகள் நேரத்துக்கு நடந்தன, பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் குறைந்தார்கள். புது மிஷின் இல்லை, கட்டடம் இல்லை. கூட ஓர் ஆள். அந்த வேலையைச் செய்யக் கோயிலில் தொண்டர்கள் இல்லையா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட நூறு பேர் வருகிறோமே!

அக்கா பாதியில் விட்டாங்க. எல்லாருக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறோம். கீமோவில் முடி கொட்டியது. தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தாங்க. நம்மில் ஒருவர், "தலையில துணி கட்டிக்கிட்டு சந்நிதிக்கு வரலாமா?" என்றார். இன்னொருவர் வரிசையில் கொஞ்சம் தள்ளி நின்றார், ஒட்டிக்கொள்ளும் வியாதி மாதிரி. இது தொட்டால் ஒட்டும் வியாதி இல்லை, தட்டு மாற்றிச் சாப்பிட்டாலும் ஒட்டாது. அதை அன்றைக்கு யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. நேர்த்திக்கடனுக்கு முடி இறக்கிச் சந்தனம் பூசி நிற்பவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். உயிரைக் காப்பாற்ற முடி கொடுத்தவளை முறைத்துப் பார்த்தோம். அக்கா அதற்கு அப்புறம் கோயிலுக்கு வரவில்லை. மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது "அம்மாவுக்குப் புற்றுநோய்" என்று பேச்சு வருமே என்ற பயம் வேறு. கிராப் காசு, வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. நாலாவது கீமோவுக்குப் போகவில்லை, ஐந்தாவதுக்கும் போகவில்லை.

மாசி மாதம் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க பெட்டி மேல் வைத்த மாலையை நாங்கள் கட்டினோம். சரியாகக் கட்ட வரவில்லை.

அக்கா வாங்கியிருக்கக்கூடிய உதவிகள் இருந்தன. அதை நாங்கள் தெரிந்துகொண்டது அவங்க போனதற்கு அப்புறம். எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் குடும்பங்களில் 40 வயது ஆனவர்களுக்குப் பெக்கா பி40 என்ற திட்டம் 2019இலிருந்து இருக்கிறது. அதில் உடல் பரிசோதனை மட்டும் இல்லை, புற்றுநோய் சிகிச்சையை முழுசாக முடித்தால் 1,000 ரிங்கிட், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரை என்றும் இருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, சிகிச்சை தொடங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லா பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சமூகப்பணி அதிகாரி என்று ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சொக்சோ கட்டுகிற, 40 வயது தாண்டிய பெண்களுக்கு 2013இலிருந்து பரிசோதனைத் திட்டம் இருக்கிறது, மேமோகிராமும் அதில் சேர்த்தி. அந்தக் கடிதம் எத்தனை வீட்டில் பிரிட்ஜ் மேலே பிரிக்காமலே கிடக்கிறது தெரியுமா? எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் வீட்டில் கிடந்தது. நோய் வந்து வேலை செய்யவே முடியாமல் போனால் சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கும் மனுப் போடலாம். 1986இலிருந்தே, இந்த நோயிலிருந்து மீண்ட பெண்கள் சேர்ந்து நடத்தும் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கமும் இருக்கிறது. பேச ஓர் ஆள் வேண்டும் என்றால் அவர்களிடம் பேசலாம்.

மூன்றாவது புகார் காசு பற்றி. "கோயில் காசு சாமிக்குத்தான், வேன் வாடகைக்கு இல்லை." இதற்கு ரொம்ப நேரம் செலவழிக்க விருப்பம் இல்லை. ஒரு நாள் பூ அலங்கார உபயத்துக்கும் உருமி மேளத்துக்கும் ஆகிற செலவு கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும். கோயில் காசில் ஒரு காசு வேண்டாம். உபயக்காரர் மூன்று பேர் ஏற்கெனவே முன்வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தன் அம்மாவை இந்த நோய்க்குக் கொடுத்தவர்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "பொம்பளைங்க விஷயம்" என்று எழுந்து போகாதீர்கள். கூட்டத்துக்கு நீங்களும் வாங்க. இந்த நோய் ஆண்களுக்கும் வரும், நூறில் ஒன்று அவர்களுக்குத்தான். அதை விட முக்கியம், உங்க வீட்டுக்காரம்மா ஏதோ சொல்ல வாய் எடுத்து நிறுத்தினால், டிவியை அணைத்துவிட்டு, "என்னம்மா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, மறுநாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்று மிஸ்ஸி அம்மா கூட்டத்தில் விவரமாகச் சொல்வாங்க. வர முடியாதவர்களுக்குச் சுருக்கமாக: மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழி விழுவது அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம் அல்லது தானாக நீர் வடிவது, காம்பைச் சுற்றி ஆறாத புண். ஏதாவது ஒன்று இருந்தால் அந்த வாரமே அரசாங்க கிளினிக். அடையாள அட்டையும் ஒரு வெள்ளியும் போதும், பெண் மிஸ்ஸி பார்க்கட்டும் என்று கேட்கலாம். கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். நாமும் இல்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் இல்லை.

மாதம் ஒரு முறை கையால் பார்த்துக்கொள்ளுங்கள், மாதவிலக்கு முடிந்த சில நாளில். மாதவிலக்கு நின்றுபோனவர்கள் ஒவ்வொரு பௌர்ணமியும் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு விளக்குப் பூஜைக்கு எப்படியும் குளித்துவிட்டுத்தானே வருகிறோம். கையால் பார்ப்பது மேமோகிராமுக்கு ஈடாகாது. கையில் தட்டுப்படாததையும் படம் காட்டிவிடும். 50 தாண்டியவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மேமோகிராம். 40 தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ வந்திருந்தால் வயது பார்க்காமல் இப்போதே சொல்லுங்கள். "எங்க பரம்பரையில இல்லை" என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம், வந்தவர்களில் பெரும்பாலோர் பரம்பரையிலும் இருந்ததில்லை. மேமோகிராம் வலிக்குமா என்று கேட்கிறார்கள். இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்தும், சில விநாடி. எங்களில் நாலு பேர் போன மாதம் எடுத்துக்கொண்டோம். அலகு குத்துகிற குடும்பத்திலிருந்து வந்துவிட்டு இதற்குப் பயப்படுகிறாயா என்று ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணிக்கொண்டேதான் போனோம்.

கூட்டம் சொன்னபடி நடக்கும். நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு எங்களில் இருவர் உட்கார்ந்திருப்போம். யாராவது காதோடு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அன்னதானக் கூடத்துப் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். ஆண்கள் வர மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறரை மணிக்குக் கோயில் வாசலிலிருந்து வேன் கிளம்பும். கிளினிக்குக்கும் போகும், ஆஸ்பத்திரி அப்பாய்ண்ட்மெண்ட் உள்ளவர்களையும் கொண்டுபோய் விடும். தனியாகப் போகிறவர்களோடு எங்களில் ஒருவர் உள்ளே வருவோம். மலாய் நன்றாகப் பேசுகிற இரண்டு தங்கச்சிகள் சேர்ந்திருக்கிறார்கள். பசியாறல் வேனிலேயே கொடுப்போம், இட்லிதான், குறை சொல்லாதீங்க.

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தலையில் துணியோடு வாங்க. துணி இல்லாமலும் வாங்க. கூட்டம் அதிகம் இருந்து, டாக்டர் கூட்டத்தில் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால், குருக்கள் ஐயா மதியம் நடை சாத்துவதற்கு முன்னால் கால் மணி நேரம் தனியாகத் தரிசனம் செய்துவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நோட்டீஸை நேற்று மறுபடி அதே இடத்தில் ஒட்டியாச்சு. மார்பகம் என்ற வார்த்தை இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கிறது. மழை நனைத்துவிடும் என்று லேமினேட்டும் பண்ணிவிட்டோம். அதனால் நாலாக மடிக்க வராது.